பிரெஞ்சு ஃபிரைஸ்: ஒரு காரண இடுகுறிப்பெயர்

விடைத்தாள் திருத்துவது எங்கள் வீட்டில் இருவர் சேர்ந்து செய்யும் பணி. ஒரே கல்லூரியில் தமிழ் பயிற்றுவிக்கும் கணவன் மனைவி நாங்கள். ஒருவர் திருத்திக்கொண்டே போக, மற்றவர் மதிப்பெண்களைக் கூட்டிச் சரிபார்த்துப் பட்டியலில் ஏற்றுவார். இரவுணவுக்குப் பின் துடைத்த மேசையில் பதினொரு மணி வரை இது நடக்கும். நன்றாக எழுதப்பட்ட விடையை வாய்விட்டுப் படிப்பதும், அபத்தமாக எழுதப்பட்டதை அதைவிட உரக்கப் படிப்பதும் எங்கள் வழக்கம். ஆகவே இங்கே சொல்லப்போகும் தவற்றில் இருவருக்கும் சமபங்கு உண்டு. இக்கட்டுரையில் வரும் ‘நாங்கள்’ மரியாதைப் பன்மையன்று, உடந்தைப் பன்மை.

சென்ற ஆண்டு இரண்டாமாண்டு மாணவர்க்கான அகமதிப்பீட்டுத் தேர்வில் ஒரு வினா: பெயர்ச்சொற்களை இடுகுறி, காரணம் எனப் பகுத்துச் சான்றுடன் விளக்குக. ஐந்து மதிப்பெண். ஐம்பத்தெட்டுத் தாள்களில் ஐம்பத்தேழில் ஒரே விடை. மரம் இடுகுறிப் பொதுப்பெயர், பனை இடுகுறிச் சிறப்புப்பெயர், பறவை காரணப் பொதுப்பெயர், வளையல் காரணச் சிறப்புப்பெயர். காரண இடுகுறிப்பெயருக்கு முள்ளி. முள்ளுடைய செடிகள் பல இருக்க, அப்பெயர் அவற்றுள் ஒன்றற்கு மட்டும் உரியதாய் நிற்பதால் அது காரணமும் ஆயிற்று, இடுகுறியும் ஆயிற்று. இவை நாங்கள் வகுப்பில் சொன்னவை. எங்களுக்கு எங்கள் ஆசிரியர்கள் சொன்னவை. முள்ளியைச் செடியாகக் கண்டவர் அவ்வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்க எங்களுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ஒரு தாளில் மட்டும் முள்ளி இருக்கவேண்டிய இடத்தில் ‘பிரெஞ்சு ஃபிரைஸ்’ இருந்தது. கூடவே அரைப்பக்க விளக்கம். பொரித்தது என்னும் காரணம் பற்றி வந்த பெயர் இது. ஆயினும் பொரித்த அனைத்திற்கும் செல்லாமல் உருளைக்கிழங்கின் ஒரு வெட்டுக்கு மட்டும் நிற்கிறது. ‘பிரெஞ்சு’ என்பதற்கு உரிய காரணமும் எவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. ஆகவே இது காரண இடுகுறிப்பெயர். இதுதான் அம்மாணவரின் வாதம்.

நாங்கள் சிரித்தோம். சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டு, ‘இது சமையற்கலைத் தேர்வு அன்று, தமிழ்ச்சொல் தருக’ என்று ஓரத்தில் எழுதி இரண்டு மதிப்பெண் குறைத்தோம். அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் தாள்களைத் திருப்பித் தருகையில் எங்களில் ஒருவர் அக்குறிப்பை வகுப்பில் படித்துக் காட்டினார். வகுப்பு சிரித்தது. அம்மாணவரும் சிரித்தார். மாலையில் வீட்டில் அதைக் கேட்டு மற்றவரும் சிரித்தார்.

அடுத்த தேர்வில் அவர் முள்ளி எழுதினார். ‘நன்று’ என்று ஓரத்தில் எழுதி முழு மதிப்பெண் இட்டோம்.

*

மூன்று மாதம் கழித்து, உறவினர் வீட்டுக் குழந்தையின் பிறந்தநாளுக்காக நகரின் வணிக வளாகத்திலுள்ள துரித உணவகம் ஒன்றுக்குப் போகவேண்டியதாயிற்று. தலையில் தொப்பியும் இடுப்பில் மேலாடையுமாகத் தட்டைக் கொண்டுவந்து வைத்தவர் அந்த மாணவர். “வணக்கம் ஐயா, வணக்கம் அம்மா” என்றார். கல்லூரி முடிந்து மாலை ஆறு முதல் இரவு பதினொன்று வரை அங்கே அவருக்குப் பணி. எங்களுக்கு அது தெரியாது.

தட்டில் இரண்டு வகை உருளைக்கிழங்கு இருந்தது. மெல்லிய குச்சிகள் ஒரு பக்கம். தோலோடு ஆரஞ்சுச் சுளைபோல் வெட்டிய தடித்த துண்டுகள் மறுபக்கம். பிறந்தநாள் குழந்தை இரண்டாவதைத் தள்ளிவிட்டு, “இது ஃபிரைஸ் இல்லை” என்று அழத் தொடங்கியது. “இரண்டும் உருளைக்கிழங்குதானே, சாப்பிடு” என்றோம் நாங்கள்.

“இல்லைங்க ஐயா, அது வேற. அது வெட்ஜஸ்” என்றார் மாணவர். பிறகு தயங்கி, எங்கள் முகம் பார்த்து, ஒரு குச்சியை எடுத்து நடுவில் பிய்த்துக் காட்டினார். “வெளியில மொறுமொறுன்னு இருக்கணும், உள்ள மாவா இருக்கணும். சிப்ஸுக்கு உள்ளேயே கிடையாது, எல்லாமே வெளிதான். வெட்ஜஸுக்கு வெளி கொஞ்சம், உள்ளதான் நிறைய. ரெண்டும் சரியா இருக்கறதுதான் ஃபிரைஸ்.”

கோத்தகிரிப் பக்கம் அவருடைய ஊர். தந்தையார் கிழங்குத் தோட்டத்தில் கூலி வேலை. “அப்பா கிழங்கைக் கையில எடுத்தாலே சொல்லிடுவாங்க. உருண்டையா இருந்தா சிப்ஸுக்கு, நீளமா இருந்தா ஃபிரைஸுக்கு” என்றார். நாங்கள் வியப்புடன் கேட்டுக்கொண்டிருந்ததைக் கண்டு, “இதைத்தாங்க ஐயா பரீட்சையில எழுதினேன்” என்றார். குறைசொல்லும் தொனி அதில் சிறிதும் இல்லை. அடுத்த மேசையிலிருந்து அழைப்பு வந்தது, போய்விட்டார்.

அகமும் புறமும் கற்பிக்கிறவர்கள் நாங்கள். ஒரு பொரித்த கிழங்கை அவ்விரண்டும் ஒத்து நிற்கும் பொருளாக ஒருவர் விளக்கியபோது, அவர் யாரிடம் படித்தார் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு நா எழவில்லை.

*

அன்றிரவு அவ்விடையை, மதிப்பெண் இடும் நோக்கமின்றி, முதன்முறையாக நினைத்துப் பார்த்தோம். அதில் இருந்தவை இரண்டு கூற்றுகள். ‘பிரெஞ்சு’ என்பதற்குக் காரணம் உறுதியில்லை என்பது ஒன்று. அப்பெயர் ஒரே வெட்டுக்கு உரியது என்பது மற்றொன்று. இரண்டையும் சரிபார்க்காமலே சிவப்புக் கோடு இட்டிருந்தோம். அடுத்து வந்த வாரங்களில் கிடைத்ததையெல்லாம் படித்தோம். நாற்பது வயதைக் கடந்தபின் உருளைக்கிழங்கைப் பற்றிக் குறிப்பெடுப்போம் என்று எண்ணியதில்லை.

முதற்கூற்றில் மாணவர் சொன்னதே சரி. முதலாம் உலகப் போரில் பெல்ஜியத்திற்குப் போன அமெரிக்கப் படைவீரர்கள், அங்கே பிரெஞ்சு பேசியவர்கள் பொரித்த கிழங்கை உண்டு, அதற்கு இப்பெயரை இட்டார்கள் என்பது ஊரெங்கும் உலவும் கதை. ஆனால் 1856-இல் இ. வாரன் என்பவர் வெளியிட்ட ஆங்கிலச் சமையல் நூலிலேயே ‘பிரெஞ்சு முறையில் பொரித்த உருளைக்கிழங்கு’ என்ற தலைப்பு இருக்கிறது. போருக்கு அறுபது ஆண்டு முன்பே பெயர் பிறந்துவிட்டது. அதற்கும் முன்னர், 1801 முதல் 1809 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தாமஸ் ஜெஃபர்சனின் கையெழுத்தில், பச்சைக் கிழங்கைச் சிறு துண்டங்களாக்கிப் பொரிக்கும் பக்குவம் ஒன்று பிரெஞ்சுத் தலைப்புடன் எஞ்சியிருக்கிறது. அவருடைய சமையற்காரர் பிரெஞ்சுக்காரர்.

பெல்ஜியர்கள் இப்பண்டம் தங்களுடையது என்பார்கள். மியூஸ் ஆற்றங்கரை மக்கள் சிறுமீன்களைப் பொரித்துண்டு வந்தனர். 1680 வாக்கில் கடுங்குளிரில் ஆறு உறைந்துபோகவே, கிழங்கை மீன்வடிவில் அரிந்து பொரித்தனர் என்பது அவர்களுடைய தலபுராணம். அழகான கதைதான். ஆனால் அப்பகுதிக்கு உருளைக்கிழங்கு வந்து சேர்ந்தது பதினெட்டாம் நூற்றாண்டில். ஏழைகள் அத்தனை கொழுப்பை உருக்கிப் பொரிக்கும் நிலையிலும் அன்று இல்லை. இதை எடுத்துக்காட்டி, இப்பண்டத்தின் பிறப்பிடம் பாரிசின் தெருக்கடைகளே என்று வாதிடுபவர் பியேர் லெக்ளெர்க். அவரோ லியேஜ் நகரைச் சார்ந்த வரலாற்றறிஞர், பெல்ஜியர். பவேரியாவில் பிறந்த ஃபிரெடெரிக் கிரீகர் என்பவர் பாரிசில் இத்தொழிலைக் கற்று, 1840-களில் பெல்ஜியச் சந்தைகளில் கடைபோட்டார். ஆக, ஒரு ஜெர்மானியர் பாரிசிலிருந்து பெல்ஜியத்திற்குக் கொண்டுபோன பண்டத்திற்கு ஆங்கிலத்தில் பிரெஞ்சுப் பெயர்.

பாரிசுக்கு உரிமை கோருபவர்களிடமும் ஒரு கதை உண்டு. 1789 புரட்சியை ஒட்டி, சென் ஆற்றின் போன் நெஃப் பாலத்தில் தள்ளுவண்டிக்காரர்கள் இதை விற்றார்கள் என்பது அது. பருத்த குச்சிகளாக வெட்டிப் பொரித்ததற்குப் பிரெஞ்சுச் சமையலில் இன்றும் அப்பாலத்தின் பெயரே வழங்குகிறது. போன் நெஃப் என்றால் புதுப்பாலம். 1607-இல் கட்டிமுடிக்கப்பட்ட அதுதான் இன்று பாரிசில் சென் ஆற்றின்மேல் நிற்கும் பாலங்களுள் மிகப் பழையது. காரணம் போனபின்னும் பெயர் நிற்கும் என்பதற்கு, வகுப்பில் சொல்ல இதைவிட நல்ல சான்று எங்களுக்குக் கிடைத்ததில்லை.

பெயரை மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. 2003-இல் ஈராக் மீதான போரைப் பிரான்சு எதிர்த்தது. சினம் கொண்ட அமெரிக்கப் பிரதிநிதிகள் சிலர், நாடாளுமன்றக் கீழவையின் சிற்றுண்டிச்சாலையில் ‘பிரெஞ்சு’ என்பதை நீக்கி ‘ஃபிரீடம் ஃபிரைஸ்’ என்று பட்டியலில் அச்சிட்டார்கள். விடுதலைக் கிழங்கு. 2006-இல் சந்தடியின்றிப் பழைய பெயர் திரும்பிவிட்டது. ஒரு பேரரசின் சட்டமன்றம் ஆணையிட்டும் இடுகுறி அசையவில்லை. காரணப்பெயராக இருந்திருந்தால் ஒருவேளை அசைந்திருக்கும்.

*

இரண்டாவது கூற்றில்தான் மாணவர் சற்று வழுக்கியிருந்தார். அப்பெயர் ஒரு வெட்டுக்கு மட்டும் உரியது என்றார் அவர். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1856-ஆம் ஆண்டு நூல் கிழங்கை மெல்லிய சீவல்களாக அரியச் சொல்கிறது. ஜெஃபர்சனின் குறிப்பிலும் ‘துண்டம்’ என்பதற்கு இட்ட பிரெஞ்சுச் சொல் சீவலையே சுட்டும். குச்சி இரண்டிலும் இல்லை. கிழங்கை நீளவாட்டில் மெல்லியதாக வெட்டுவதற்கு ஆங்கிலத்தில் ‘ஃபிரெஞ்சிங்’ என்று பெயர், அதனால் வந்ததே இச்சொல் என்று விளக்குபவர்களுக்கு இவ்விடத்தில் பேச்சு அடைத்துவிடும். முதலில் பெயர் வந்தது. குச்சிவடிவம் பிறகே அதில் வந்து குடியேறியது.

பிரெஞ்சுக்காரர்களோ வெட்டுக்கு வெட்டு பெயரிட்டவர்கள். போன் நெஃப் பருமனானது. தீக்குச்சி போன்றது அலுமெத். வைக்கோல் போன்றது பாய். வலைக்கண் போட்டுச் சீவியது கோஃப்ரெத். ஆங்கிலேயர் வழக்கு வேறு. தடித்த குச்சி சிப்ஸ். மெல்லிய வட்டச் சீவல் கிரிஸ்ப்ஸ். ஒல்லிக் குச்சி மட்டும் ஃபிரைஸ். அமெரிக்கரிடம் சிப்ஸ் கேட்டால் சீவலைத் தருவார். சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1859-இல் எழுதிய ‘இரு நகரங்களின் கதை’ நாவலில் பாரிசின் பட்டினியைச் சொல்லுமிடத்தில், எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்குச் ‘சிப்ஸ்’ வருகிறது. ஆங்கிலத்தில் அச்சொல்லின் பழைய ஆட்சிகளுள் அது ஒன்று. அது குச்சியா சீவலா என்பதை டிக்கன்ஸ் நமக்கு விளக்கவில்லை.

வெட்டை வைத்து முடிவு காண முயன்றதில் அமெரிக்க வேளாண்துறைதான் எங்களை மிகவும் திகைக்கவைத்தது. உறையவைத்த பிரெஞ்சு ஃபிரைஸுக்கு 1967-இல் அது நடைமுறைக்குக் கொண்டுவந்த தரவரையறை, இலக்கண நூல்போலவே வகுத்தும் தொகுத்தும் விரித்தும் செல்கிறது. ஏறக்குறைய இணையான பக்கங்களுடைய நீண்ட துண்டு முதல் வகை. அதன் குறுக்குவெட்டு எட்டில் மூன்று அங்குலச் சதுரத்திற்கு, அதாவது சுமார் 9.5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஷூஸ்ட்ரிங் என்னும் உட்பிரிவு. விளிம்பு நேராகவும் இருக்கலாம், நெளிநெளியாகவும் இருக்கலாம். இதுவரை சரி. அதற்கடுத்த வகைகள் சீவல், கட்டத்துண்டு, முழுக்கிழங்கு. கடைசியில் ‘பிற’ என்று ஒன்று. முழுக்கிழங்கும் பிரெஞ்சு ஃபிரைஸ் ஆகலாம் என்று அரசாங்கமே சொல்லிவிட்டபின், வெட்டை வைத்து எவரும் வாதிட முடியாது.

வரையறை வெறும் சொற்சிலம்பமும் அன்று. விரைவில் கெடும் விளைபொருள்களை விற்றவருக்கு, வாங்கியவர் நொடித்துப்போனாலும் பணம் முதலில் சேரவேண்டும் என்று அமெரிக்காவில் 1930-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பாதுகாப்பளிக்கிறது. மாவுப்பூச்சுப் பூசி உறையவைத்த பிரெஞ்சு ஃபிரைஸும் அச்சட்டப்படி ‘புதிய காய்கறி’யே என்று 2003-இல் வேளாண்துறை விதி செய்தது. திவாலான மொத்த வணிக நிறுவனம் ஒன்று அதை எதிர்த்து வழக்கிட்டது. 2004-இல் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் விதி செல்லும் என்றது. யாருக்கு முதலில் பணம் என்பது, பொரித்த கிழங்கு காயா அன்றா என்பதில் தொங்கியது. இரண்டு மதிப்பெண்ணைச் சிறிய செய்தி என்று ஒதுக்க எங்களுக்கு இருந்த சமாதானம், இதைப் படித்தபின் கொஞ்சம் ஆட்டங்கண்டது.

*

அப்படியானால் எதுதான் பிரெஞ்சு ஃபிரைஸ்? எல்லாம் அதுவே என்று சொல்லிவிட்டு எழுந்துபோக எங்கள் தொழில் இடந்தரவில்லை. மாணவர் பிய்த்துக் காட்டிய குச்சிக்கே திரும்பினோம்.

கணக்கொன்று போட்டுப் பார்த்தோம். ஒரு சென்டிமீட்டர் சதுரமும் ஏழு சென்டிமீட்டர் நீளமும் உள்ள குச்சியில், ஒரு கன சென்டிமீட்டர் கிழங்குக்குச் சுமார் 4 சதுர சென்டிமீட்டர் மேற்பரப்பு வருகிறது. பருமனை 6 மில்லிமீட்டராகக் குறைத்தால் அது 7 ஆகிறது. ஒன்றரை மில்லிமீட்டர் வட்டச் சீவலில் 14. கொதிக்கும் எண்ணெய் தொடுவது மேற்பரப்பைத்தான். அங்கே நீர் ஆவியாகி ஓடும். அடுக்கு மொறுமொறுப்பாக இறுகும். உள்ளே நீர் தங்கிய இடம் தன் ஆவியிலேயே வெந்து மாவாகும். சீவலில் உள்ளே என்று ஓர் இடமே இல்லை. “எல்லாமே வெளிதான்” என்று அவர் சொன்னதைக் கணக்கும் சொல்கிறது. பெல்ஜியர்கள் ஒரு சென்டிமீட்டரும் அதற்குச் சற்று மேலும் பருமன் வைத்து, முதலில் மிதமான சூட்டிலும், ஆறவிட்டுப் பின் கடுஞ்சூட்டிலுமாக இருமுறை பொரிப்பதன் நோக்கமும் இதுவே. முதற்பொரிப்பு அகத்திற்கு, இரண்டாவது புறத்திற்கு. மரபுப்படி அவர்கள் பொரிப்பது மாட்டுக் கொழுப்பில்.

இந்தியாவின் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனமும் இவ்வேறுபாட்டை ஏற்றிருக்கிறது. 1998-இல் அது வெளியிட்ட குஃப்ரி சிப்சோனா வறுவலுக்காக உருவாக்கிய வகை. பின்னர் வெளியிட்ட குஃப்ரி ஃபிரைசோனா, பெயரே சொல்வதுபோல், ஃபிரைஸுக்கென்று உருவாக்கிய நீண்ட கிழங்கு. கத்தி படுவதற்கு முன்பே விதையில் பிரிவு நிகழ்ந்துவிடுகிறது. கோத்தகிரித் தோட்டத்தில் ஒரு தந்தை கையில் எடுத்துப் பார்த்துச் சொல்வதும், ஆராய்ச்சிக் கூடத்தில் சொல்வதும் ஒன்றே. தமிழில் நாம் உருளையாக இருக்கிறதே என்று உருளைக்கிழங்கு எனப் பெயரிட்டோம். ஃபிரைஸுக்கு வேண்டியதோ உருளாத கிழங்கு.

ஆகவே எங்கள் முடிவு மூன்று கூறுகளை உடையது. முழுக்கிழங்கிலிருந்து வெட்டி எடுத்ததாக இருக்கவேண்டும். பிசைந்து அச்சிட்டதாக இருத்தல் கூடாது. எண்ணெயோ கொழுப்போ நிறைய விட்டு, மூழ்கப் பொரித்திருக்கவேண்டும். அகம், புறம் இரண்டும் நாவுக்குத் தனித்தனியே தெரியவேண்டும். இதன்படி நேர்க்குச்சியும் நெளிக்குச்சியும் சுருளும் உள்ளே வரும். ஷூஸ்ட்ரிங் வாசற்படியில் நிற்கும். வலைச்சீவல் தடித்திருந்தால் உள்ளே, மெலிந்திருந்தால் வெளியே. சுளைத்துண்டு பொரித்ததாயினும் அகம் மிகுந்தது. அடுப்பில் சுட்டதாயின் வழக்கே இல்லை. டேட்டர் டாட்ஸ் வெளியே. அது 1953-இல் ஓர்-ஐடா நிறுவனத்தார், ஃபிரைஸ் வெட்டும்போது கழிந்த துணுக்குகளைச் சேர்த்து உருட்டிச் செய்தது. அதே கிழங்கு, அதே கத்தி, அதே எண்ணெய். ஆயினும் அதை எவரும் ஃபிரைஸ் என்பதில்லை.

எல்லையில் நிற்பவற்றை என்ன செய்வது? அதற்குத் தமிழே வழிகாட்டியது. எள்ளின் நெய் எண்ணெய். அவ்வளவுதான் அச்சொல்லின் காரணம். பிறகு தேங்காயிலிருந்து எடுத்ததைத் தேங்காயெண்ணெய் என்றோம். மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணெண்ணெய் என்றோம். தண்ணென்று இருப்பது தண்ணீர். அதைக் கொதிக்கவைத்துச் சுடுதண்ணீர் என்கிறோம். நடுவில் நிற்கும் பொருள் வெறும் பெயரை வைத்துக்கொள்ளும். விலகி நிற்பது ஓர் அடைமொழியோடு உள்ளே வரும். சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஃபிரைஸ் என்று சொல்லும்போது நிகழ்வதும் இதுவே. நம் சமையலறையிலும் பெயர் செயலைக் கேட்பதில்லை. அப்பளத்தைப் பொரிக்கிறோம், ஆனால் பொரியல் என்று பெயர் பெற்றதை நாம் பொரிப்பதேயில்லை.

‘தமிழ்ச்சொல் தருக’ என்று எழுதினோமே, அதற்கும் நிழலில்லை. சொற்களை நான்காகப் பகுத்த நம் இலக்கணம் திசைச்சொல்லுக்கு ஓர் இருக்கை போட்டு வைத்திருக்கிறது. அதைக் கற்பிப்பதும் அதே பருவத்தில், அதே வகுப்பில், நாங்கள்தான்.

*

படித்தவற்றுள் ஒன்று மட்டும் எங்களை விட்டு அகலவில்லை. பெல்ஜியத்தில் ஃபிரைஸுக்கு மிகப் பெயர்பெற்ற கிழங்கு பிந்தியே. அதை 1900-களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்துப் பகுதியைச் சேர்ந்த கோர்னெலிஸ் லியூவெஸ் டெ ஃபிரீஸ். அவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஓய்வுநேரத்தில் கிழங்கு வகைகளைக் கலந்து, புதிது கிடைக்கும்தோறும் தம் பிள்ளைகளின் பெயரை இட்டுவந்தார். பிள்ளைகளின் பெயர்கள் தீர்ந்துபோனபின் வந்த வகைக்கு, தம்மிடம் படித்த பிந்தியே யான்ஸ்மா என்னும் மாணவியின் பெயரைச் சூட்டினார். நூறாண்டு கடந்தும் அப்பெயரைச் சொல்லி மூட்டை மூட்டையாகக் கிழங்கு விற்கிறார்கள். ஓர் ஆசிரியர் மாணவர்க்குத் தந்தது அது. நாங்கள் ஓரத்தில் எழுதித் தந்ததும் நினைவுக்கு வந்தது.

அகமதிப்பீட்டு மதிப்பெண்கள் அதற்குள் பல்கலைக்கழகத்திற்குப் போய்விட்டன, திருத்த வழியில்லை. அடுத்த பருவம் தொடங்கியதும் வகுப்பில், எல்லாருக்கும் முன்பாக, அன்று நாங்கள் இட்ட கோடு தவறு என்று சொன்னோம். அவ்விடை ஏன் சரி, எவ்விடத்தில் மட்டும் சற்றுத் திருத்தவேண்டும் என்பதையும், 1856-ஆம் ஆண்டு நூலைக் காட்டி விளக்கினோம். வகுப்பு மறுபடியும் சிரித்தது. இம்முறை யாரை நோக்கி என்று தெரியவில்லை. மாணவர் எழுந்து, “பரவாயில்லைங்க ஐயா” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அது மகிழ்ச்சி அளித்ததாகத் தெரியவில்லை. மறந்துபோன ஒன்றை மறுபடி எல்லார் முன்னும் எடுத்து வைத்தோமோ என்று அன்று வீட்டில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

இப்போது எங்கள் வினாத்தாளில் ஒரு வரி கூடியிருக்கிறது: ‘பாடநூலில் இல்லாத சான்று ஒன்று தந்து காரணம் கூறுக.’ முதல்முறை கேட்டபோது நாற்பத்தொரு பேர் அவ்விடத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். இத்தனை ஆண்டுகளாக நாங்கள் கேட்காததை அவர்கள் எழுதிப் பழகவில்லை. எழுதியவர்களுள் ஒருவர் ‘நாற்காலி’ என்றிருந்தார். ஒருவர் தம் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தின் பெயரை எழுதி, அங்கே பேருந்து நிற்பதில்லை என்று குறிப்பும் சேர்த்திருந்தார்.

அந்த மாணவரின் தாளை இருவரும் சேர்ந்தே பிரித்தோம். ‘ஃபிங்கர் சிப்ஸ். விரல்போல் இருப்பதால் காரணப்பெயர்’ என்று எழுதியிருந்தார். சரியான விடை, நம் ஊர் உணவகங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் பெயரும் கூட. முழு மதிப்பெண் இட்டோம். ஆனால் அது ஒரே வரி. அதன்கீழே அரைப்பக்கம் காலியாக இருந்தது.